டயர் கேட்ட உயரம்

பிக்கப் வண்டியின் சஸ்பென்ஷனை உயர்த்துவது வெறும் பகட்டுக்குப் பிறந்த வழக்கம் என்று அமெரிக்காவிலேயே பலர் நினைக்கிறார்கள். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1950களில் நாப்கோ என்ற அமெரிக்க நிறுவனத்தின் நான்கு சக்கர இயக்க உபகரணம் பொருத்திய செவர்லே வண்டிகள் உயர்ந்து நின்றன. எஞ்சினுக்கு அடியில் இயங்கும் முன் அச்சுக்கு இடம் வேண்டியிருந்தது. 1960களில் கலிபோர்னியப் பாலைமணலுக்காக அகன்ற டயர்கள் வந்தபோது, அவை மட்கார்டில் உரசாமல் சுழல இடம் தேவைப்பட்டது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். லீஃப் ஸ்பிரிங்கை மாற்றினால் சேசிஸ்தான் உயரும். அச்சின் நடுவே தொங்கும் டிஃபரன்ஷியல் தரையைவிட்டு ஒரு விரற்கடைகூட எழாது. அதை எழுப்புவது பெரிய டயர்தான்.

மிசூரியில் பாப் சாண்ட்லர் தமது 1974 ஃபோர்டு எஃப்-250 வண்டியை ராட்சத டயர்கள் கொண்ட ‘பிக்ஃபுட்’ ஆக்கியது காட்சிக்குத்தானே என்று கேட்கலாம். 1980களில் பகட்டு பெருகியது உண்மையே. ஆனால் பிக்ஃபுட்டிலும் டயர் பெருத்த பிறகே கனத்த ராணுவ அச்சுகள் தேவைப்பட்டன. தேவைக்கு மேல் உயர்த்தினால் கேடும் உண்டு. டொயோட்டா பிக்கப்பில் தனித்தியங்கும் முன் சஸ்பென்ஷன் வந்தபின், ஸ்பிரிங்காக வேலை செய்யும் டார்ஷன் பாரை அளவுக்கு மீறி முறுக்கி உயர்த்திய வண்டிகளில், சக்கரங்களுக்கு விசை கடத்தும் சிவி ஜாயின்டுகள் சாய்ந்து சீக்கிரம் தேய்ந்தன. ஆகவே முதலில் டயரின் அளவை முடிவு செய்யுங்கள். அது உரசாமல் சுழலத் தேவையானதற்கு மேல் ஓர் அங்குலமும் ஏற்றாதீர்கள்.