கிபுஸ்கோவா

கிபுஸ்கோவா ஸ்பெயினின் வட எல்லையில், பிஸ்கே விரிகுடாவை ஒட்டிய பாஸ்க் மாகாணம். பரப்பளவு ஏறத்தாழ 1,980 சதுர கி.மீ.; ஸ்பெயினில் இதைவிடச் சிறிய மாகாணம் இல்லை. மக்கள்தொகை சுமார் 7.2 லட்சம். தலைநகருக்கு ஸ்பானிய மொழியில் சான் செபாஸ்தியான் என்றும் பாஸ்க் மொழியில் தொனோஸ்தியா என்றும் பெயர். மேற்கே பிஸ்காயா, தென்மேற்கே அராபா, தெற்கிலும் கிழக்கிலும் நவார்ரா. வடகிழக்கில் பிதாசோவா ஆற்றைத் தாண்டினால் பிரான்ஸ். அந்த ஆற்றின் நடுவிலுள்ள ஃபெசன்ட் தீவில்தான் 1659இல் இரு நாடுகளும் பிரனீஸ் உடன்படிக்கை செய்துகொண்டன. அத்தீவு இன்றும் ஆறு மாதம் ஸ்பெயினின் பொறுப்பிலும் ஆறு மாதம் பிரான்ஸின் பொறுப்பிலும் மாறி மாறி இருந்து வருகிறது.

நிலம்

இங்கே மலை கடல்வரை வந்துவிடுகிறது. தெற்கே ஐஸ்கோரி மலைத்தொடரில் ஐச்சுரி சிகரம் 1,551 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. அங்கிருந்து கடற்கரை வெகு தூரமில்லை. தேபா, உரோலா, ஓரியா, உருமேயா போன்ற ஆறுகள் எல்லாமே குட்டையானவை, வேகமானவை. அவற்றின் ஒடுங்கிய பள்ளத்தாக்குகளைத் தவிர இம்மாகாணத்தில் சமநிலம் என்று சொல்ல அதிகமில்லை. ஆண்டுக்கு 1,500 மி.மீ.க்கு மேல் மழை பெய்வதால் புல் செழிக்கும்; கோதுமை செழிக்காது. கிபுஸ்கோவாவின் வரலாற்றில் பெரும்பகுதி, தன் மண்ணில் விளையாத சோற்றை வெளியே போய்த் தேடிய வரலாறுதான்.

சுமாயா, தேபா, முத்ரிகு ஊர்களின் கடலோரச் செங்குத்துப் பாறைகள் உலகப் புவியியலாளர்கள் நாடி வரும் இடம். சுண்ணாம்புக் கல்லும் களிக்கல்லும் மாறி மாறிப் படிந்து, பின்னர் நிமிர்ந்துகொண்ட அடுக்குகள் அவை. டைனோசர்கள் அழிந்த 6.6 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய காலத்தின் எல்லைக்கோடு சுமாயாவில் தெளிவாகத் தெரிகிறது. பாலியோசீன் காலத்தின் இரண்டு உட்பிரிவுகளுக்கு உலக அளவுகோலாகக் கொள்ளப்படும் பாறையும் இங்கேதான் உள்ளது. எக்கைன், ஆல்ச்செரி குகைகளில் பனியுக மனிதர் தீட்டிய குதிரைகளும் காட்டெருமைகளும் 2008இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன.

உரிமைகள்

கிபுஸ்கோவா என்னும் பெயர் எழுத்தில் முதலில் வருவது 1025ஆம் ஆண்டு ஆவணம் ஒன்றில். 1180 வாக்கில் நவார்ரா மன்னர் ஆறாம் சான்ச்சோ சான் செபாஸ்தியானுக்கு வணிக உரிமைப் பட்டயம் கொடுத்தார். 1200இல் நிலப்பகுதி காஸ்தீலிய அரசின்கீழ் போனது. ஆயினும் 'ஃபுவேரோ' எனப்பட்ட உள்ளூர்ச் சட்டங்களும், ஊர்களின் பேராளர்கள் கூடும் மாமன்றமும் பல நூற்றாண்டுகள் நிலைத்தன. வரி, படைச்சேவை, சுங்கம் ஆகியவற்றில் மன்னரும் அவற்றைப் பெரும்பாலும் மதித்தே நடந்தார்.

பண்ணை வீட்டை இங்கே 'பசெரி' என்பார்கள். அதைப் பிள்ளைகளுக்குப் பங்கு பிரிப்பது வழக்கமில்லை; ஒரே வாரிசுக்கு முழுதாகப் போகும். மற்றவர்கள் கப்பலேறினார்கள், உலைக்கூடத்துக்குப் போனார்கள், துறவு பூண்டார்கள், அமெரிக்காவுக்குப் போனார்கள். இவ்வளவு சிறிய மாகாணத்திலிருந்து இத்தனை மாலுமிகளும் மதகுருமாரும் புறப்பட்டதற்கு இந்த வழக்கம் முதன்மையான காரணம்.

திமிங்கில வேட்டை

பாஸ்க் மீனவர் முதலில் தங்கள் கரையோரத்திலேயே திமிங்கிலம் பிடித்தனர். குன்றின்மேல் காவல் கோபுரம். நீர்ப்பீச்சு கண்ணில் பட்டதும் புகை மூட்டிச் சைகை காட்டுவார்கள், படகுகள் விரையும். கெதாரியா, ஒந்தாரிபியா ஊர்ச் சின்னங்களில் திமிங்கிலம் இடம்பெற்றது இப்படித்தான். 16ஆம் நூற்றாண்டில் அவர்கள் அட்லாண்டிக்கைக் கடந்து கனடாவின் லாப்ரடார் கரையை எட்டினார்கள். கோடை தொடங்கப் போய், கொழுப்பை உருக்கி எண்ணெயாக்கி, பீப்பாய்களில் அடைத்துக் குளிரில் திரும்புவார்கள். ஐரோப்பிய நகரங்களில் அந்த எண்ணெய் விளக்கெரித்தது. கடற்பயணத்தில் குடிக்கத் தண்ணீரைவிட நம்பகமாக இருந்தது மலையடிவாரத் தோப்புகளின் ஆப்பிள் மது.

இந்தக் கதை ஏறக்குறைய மறந்தே போயிருந்தது. அதை மீட்டவர் வரலாற்றாய்வாளர் செல்மா ஹக்ஸ்லி பார்க்கம். ஒன்யாதி ஊர் ஆவணக்காப்பகத்தில் பழைய பத்திரங்களை ஆண்டுக்கணக்கில் படித்து, லாப்ரடாரில் பாஸ்க் வேட்டைத் துறைகள் எங்கெங்கே இருந்தன என்று அவர் கண்டறிந்தார். அவர் சுட்டிய இடத்தில், ரெட் பே துறைமுகத்தின் அடியில், 1978இல் ஒரு கப்பலின் சிதைவு கிடைத்தது. 1565இல் எண்ணெய்ப் பீப்பாய்களோடு மூழ்கிய, கிபுஸ்கோவாவின் பசாயா துறைமுகத்தில் கட்டப்பட்ட 'சான் ஹுவான்' அது என்று கருதப்படுகிறது. கரையில் உருக்கு உலைகளும், கூரைக்கென்று கப்பலில் கொண்டுபோன சிவப்பு ஓடுகளும் கிடைத்தன. பத்திர எழுத்தர்களின் கையெழுத்திலிருந்து கடலடிக் கப்பலை எட்டிய இந்த ஆய்வு, வரலாற்றுத் துறையின் மிகச் சிறந்த சாதனைகளுள் ஒன்று. ரெட் பே 2013இல் உலகப் பாரம்பரியக் களமானது. பசாயாவில் அல்பாவோலா என்னும் பட்டறை அதே கப்பலைப் பழைய முறைகளில் மறுபடி கட்டும் பணியில் இறங்கியது. விலாச்சட்டங்களுக்கு வேண்டிய வளைவோடு வளர்க்கப்பட்ட ஓக் மரங்கள் நவார்ராவிலிருந்து வந்தன.

வேட்டையின் இருண்ட பக்கமும் உண்டு. 1615இல் ஐஸ்லாந்தின் மேற்குக் கரையில் கப்பல் உடைந்து ஒதுங்கிய பாஸ்க் மாலுமிகள் முப்பதுக்கும் மேற்பட்டோர் உள்ளூர் அதிகாரி ஒருவரின் ஆணைப்படி கொல்லப்பட்டனர். அவர்களுக்கு அங்கே நினைவுக்கல் எழுந்தது 2015இல். இடைவிடாத வேட்டையால் திமிங்கிலங்களும் அருகிப்போயின. இக்கரையில் கடைசித் திமிங்கிலத்தை ஒரியோ ஊர் மீனவர்கள் 1901இல் பிடித்தனர்.

உலகம் சுற்றியவர்கள்

மகெல்லன் தொடங்கிய பயணத்தை, அவர் இறந்தபின் 1522இல் முடித்து உலகை முதன்முதலில் முழுதாகச் சுற்றிய கப்பலின் தலைவர் ஹுவான் செபாஸ்தியான் எல்கானோ, கெதாரியாக்காரர். பிலிப்பைன்ஸைக் கைப்பற்றி 1571இல் மணிலாவை ஸ்பானியத் தலைநகராக்கிய லெகாஸ்பி சுமாராகாவில் பிறந்தவர். அவரோடு சென்ற ஆந்திரேஸ் தே உர்தனேத்தா ஒர்திசியா ஊரினர். 1565இல் ஆசியாவிலிருந்து மெக்சிகோவுக்குப் பசிபிக் வழியே திரும்பும் காற்றுப்பாதையைக் கண்டவர். அடுத்த 250 ஆண்டு மணிலா வணிகம் அப்பாதையில்தான் நடந்தது. கொலம்பஸுக்குக் கிடைத்த புகழில் கால்பங்குகூட அவருக்குக் கிடைக்காதது நியாயமே இல்லை.

இயேசு சபையை நிறுவிய இக்னேஷியஸ் லயோலாவும் இம்மண்ணினரே. அஸ்பெய்தியா அருகே 1491இல் பிறந்தார். 'லயோலா' அவர் குடும்ப மாளிகையின் பெயர். அச்சபையின் வழியாகத்தான் நவார்ராவின் பாஸ்க் குடும்பத்தவரான பிரான்சிஸ் சேவியர் 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்தார். பிறகு தத்துவ போதகரும் வீரமாமுனிவரும் வந்தனர். சென்னையின் லயோலா கல்லூரி அந்த மாளிகையின் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

இரும்பும் கூட்டுறவும்

ஆறுகள் வேகமாக ஓடியதால் நீர்ச்சக்கரத்தில் இயங்கும் உலைகள் பள்ளத்தாக்கெங்கும் இருந்தன. நங்கூரமும் ஆயுதமும் அங்கே அடித்து உருவாக்கப்பட்டன. 1728இல் தொடங்கிய கிபுஸ்கோவா நிறுவனம் வெனிசுவேலாவின் கொக்கோ வணிகத்தைத் தன் கையில் வைத்திருந்தது. அந்தச் செல்வத்துக்குப் பின்னால் அங்கே அடிமைகளின் உழைப்பு இருந்தது. பெர்காராவில் அறிவியல் கல்விக்கூடம் அமைந்தது. அங்கே 1783இல் எல்ஹுயார் சகோதரர்கள் டங்ஸ்டன் தனிமத்தைப் பிரித்தெடுத்தனர்.

1813 ஆகஸ்டு 31 அன்று பிரெஞ்சுக்காரரிடமிருந்து சான் செபாஸ்தியானை மீட்ட ஆங்கில-போர்த்துகீசியப் படை, நகரைச் சூறையாடியது. எரிந்த நகரில் தப்பிய தெருவுக்கு அந்த நாளே பெயர். ஸ்பானிய அரியணைக்காக நடந்த கார்லிஸ்டுப் போர்களில் கார்லிஸ்டுத் தரப்பு தோற்றபின் 1876இல் பழைய உரிமைகள் நீக்கப்பட்டன. ஆனால் 1878இல் பொருளாதார உடன்படிக்கை ஒன்று வந்தது: மாகாணமே வரி வசூலித்து, மத்திய அரசுக்குப் பங்கைக் கட்டும். சர்வாதிகாரி பிராங்கோ 1937இல் தண்டனையாக அதை ரத்து செய்தார். 1981இல் திரும்பக் கிடைத்தது.

துப்பாக்கி செய்த எய்பார் ஊர், போருக்கான தேவை குறைந்தபோது சைக்கிளுக்கும் தையல் இயந்திரத்துக்கும் மாறியது. பெயாசயினில் ரயில்பெட்டிகள் உருவாகின்றன. எல்லாவற்றிலும் பெரிய கதை அர்ராசாதேயில் நடந்தது. ஸ்பானிய மொழியில் அந்த ஊர் மொந்த்ராகோன். 1941இல் அங்கு வந்த இளம் பாதிரியார் ஹோசே மரியா அரிஸ்மெந்தியரியேத்தா 1943இல் தொழிற்கல்விப் பள்ளி தொடங்கினார். அதன் மாணவர்கள் ஐவர் 1956இல் அடுப்புகள் செய்யும் 'உல்கோர்' கூட்டுறவை நிறுவினர். 1959இல் தங்களுக்கென வங்கியும் வைத்தனர். உயர்ந்த ஊதியம் தாழ்ந்ததைப் போல் மூன்று மடங்கைத் தாண்டக்கூடாது என்பது தொடக்க விதி. இன்று அக்குழுமத்தில் பல்லாயிரம் பேர் வேலை செய்கிறார்கள். 2013இல் அதன் வீட்டுச்சாதனப் பிரிவான ஃபகோர் திவாலானது. உறுப்பினர் பலருக்கு மற்றக் கூட்டுறவுகள் வேலை கொடுத்தன. தொழிலாளரே முதலாளியாக இருக்கும் அமைப்பு நெருக்கடியில் என்ன செய்யும் என்பதற்கு இதைவிடக் கடுமையான சோதனை இருக்க முடியாது.

மொழியும் வாழ்வும்

பாஸ்க் மொழிக்கு உலகில் உறவுமொழி எதுவும் நிறுவப்படவில்லை. பிராங்கோ ஆட்சியில் பள்ளியிலும் அலுவலகத்திலும் அதற்கு இடமில்லை. பெற்றோர் திரட்டிய பணத்தில் 'இகஸ்தோலா' பள்ளிகள் முளைத்தன. வட்டார வழக்குகளை இணைக்கும் பொது எழுத்துநடைக்கு 1968இல் ஒன்யாதி அருகே அரான்சாசுவில் அறிஞர்கள் கூடி வழிவகுத்தனர். முன்னின்றவர் மொழியியலாளர் கோல்தோ மிச்செலேனா. 1979 தன்னாட்சிச் சட்டம் அம்மொழியை ஆட்சிமொழியாக்கியது. இன்று கிபுஸ்கோவாவில் ஏறத்தாழப் பாதிப்பேர் அதைப் பேசுகிறார்கள்.

பிராங்கோ காலத்தில் பிறந்த, பாஸ்க் தனிநாடு கோரிய 'எட்டா' ஆயுத இயக்கம் எண்ணூறுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது; எதிர்த்தரப்பில் ரகசியக் கொலைப்படைகளும் இயங்கின. 2011இல் எட்டா ஆயுதப் போராட்டத்தை நிறுத்தி, 2018இல் கலைந்தது. பலியானோர் குடும்பங்களின் துயரம் அத்துடன் முடியவில்லை.

கடல் இன்னும் உழைப்புக்கான இடமாகவே உள்ளது. வசந்தத்தில் நெத்திலி, கோடையில் வெள்ளைச் சூரை. கெதாரியா சரிவுகளில் 'ச்சக்கோலி' என்னும் புளிப்பான வெள்ளை ஒயின். மலைமேய்ச்சலில் லாச்சா ஆடுகளின் பாலிலிருந்து இதியாசபால் பாலாடைக்கட்டி. ஆடை வடிவமைப்பாளர் பலென்சியாகா கெதாரியாவிலும், சிற்பி ஒத்தெய்சா ஒரியோவிலும் பிறந்தனர். சான் செபாஸ்தியான் கடலோரப் பாறையில் சிற்பி சில்லிதாவின் இரும்புக் கொக்கிகள் அலையையும் காற்றையும் எதிர்கொள்கின்றன.

மீனை முதலில் கரை சேர்த்தவருக்கே நல்ல விலை என்பதால் படகுகள் துறைமுகத்துக்குப் போட்டி போட்டுத் திரும்பின. அப்போட்டியே விளையாட்டாகி, 1879 முதல் லா கோன்ச்சா விரிகுடாவில் படகுப் பந்தயமாக நடக்கிறது. செப்டம்பர் ஞாயிறுகளில் ஒரு படகுக்குப் பதின்மூன்று துடுப்புக்காரரும் ஒரு சுக்கான்காரரும் இறங்குகிறார்கள். 2008 முதல் பெண்களுக்கும் தனியாக வெற்றிக் கொடி உண்டு.