வேருக்கு ஒரு செவிலித்தாய்



மரம் வேரினால் உண்கிறது என்பது சிறுபிள்ளைக்கும் தெரிந்த செய்தி. வேர்நுனியை அடுத்துள்ள மெல்லிய மயிர்களே நீரையும் உப்புகளையும் உறிஞ்சுகின்றன என்று வகுப்பிலே படித்தோம். கலைப்பட்டதாரியாகிய நானும் கீழ்வகுப்புகளில் பல்லாண்டு அவ்வாறே கற்பித்தேன். காட்டு மரங்கள் பலவற்றைப் பொறுத்தமட்டில் அது பாதி உண்மையே. மற்றப் பாதி வெளிவந்த வரலாறு நாவின் ஆசையிலே தொடங்குகிறது.

ஐரோப்பாவில் ஓக், ஹேசல் முதலிய மரங்களின் அடியில், மண்ணுக்குள்ளே விளையும் ஒருவகைக் காளான் உண்டு. திரபிள் என்பது அதன் பெயர். செல்வர் விருந்துகளிற் பெருவிலை பெறுவது. அதனைத் தம் நாட்டிற் பயிரிட வழிகாணுமாறு பிரஷ்ய அரசின் விவசாய அமைச்சு, பேர்லினிலே தாவரவியற் பேராசிரியராயிருந்த ஆல்பேர்ட் பேர்ன்ஹார்ட் பிராங்க் என்பாரைப் பணித்தது.

பிராங்க் திரபிளைத் தேடி மண்ணைக் கிளறினார், கண்டதோ வேறொன்று. வேர்நுனிகளிலே மயிர்களைக் காணவில்லை. கையுறை விரலை மூடுவதுபோல, பூஞ்சண நூல்கள் ஒவ்வொரு நுனியையும் மூடியிருந்தன. திரபிள் விளையாத இடங்களிலும் அவ்வாறே. மரங்களோ செழித்து நின்றன. 1885ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில், காளானையும் வேரையும் குறிக்கும் கிரேக்கச் சொற்களை இணைத்து, இவ்வமைப்புக்கு மைக்கோரைசா என்று பெயரிட்டார். பூஞ்சணம் மரத்துக்குச் செவிலித்தாய் போன்றது என்பது அவர் துணிபு.

அறிஞர் பலர் அதனை ஏற்கவில்லை. அவர்களை முற்றும் குறைகூறவும் இயலாது. பூஞ்சணம் என்றால் நோய் என்பதே அக்காலத்து அனுபவம். 1869 முதல் நமது இலங்கையின் கோப்பித் தோட்டங்களைப் பாழாக்கியதும் ஒரு பூஞ்சணமன்றோ! பிராங்க் சளைக்கவில்லை. கிருமிநீக்கிய மண்ணிலும் இயற்கை மண்ணிலும் பைன் விதைகளை இட்டு வளர்த்தார். பூஞ்சணமற்ற மண்ணிலே கன்றுகள் மெலிந்தன. மண்ணைச் சூடாக்கியதால் அதன் இயல்பே மாறியிருக்கலாம் என்று மறுப்பு எழுந்தது. வழக்குத் தீராமலே 1900இல் அவர் காலமானார்.

தீர்ப்பு வளமற்ற மண்ணிலிருந்து வந்தது. பொசுபரசு என்னும் உணவுப்பொருள் மண்ணில் எளிதில் நகராது. வேர் தன்னைச் சுற்றியுள்ள சிற்றளவை உண்டு முடித்ததும் பட்டினி கிடக்கும். வேரினும் பன்மடங்கு நுண்ணிய பூஞ்சண நூல்களோ அப்பால் ஊர்ந்து சென்று அதனைக் கொண்டுவரும். மரம் கூலியாகச் சர்க்கரை வழங்கும். வளமிகு மண்ணில் மரம் இக்கூட்டைச் சுருக்கிக்கொள்ளும்; வறிய மண்ணிலே பெருக்கும். பூஞ்சணம் சேர்ந்த பைன் கன்றுகள் பொசுபரசை இரு மடங்கிற்கும் மேலாகப் பெற்றதை 1937இல் அமெரிக்கரான ஹாட்ச் அளந்து காட்டினார். 1950இல் சுவீடனிலே மெலினும் நில்சனும் கதிரியக்கப் பொசுபரசைப் பூஞ்சணத்துக்கு ஊட்டி, அது பைன் கன்றினுள் ஏறியதைக் கண்டனர்.

புவேட்டோ ரிக்கோத் தீவிலே பைன் கன்றுகள் பல ஆண்டுகளாக மஞ்சளித்து மடிந்துகொண்டிருந்தன. 1955இல் வட கரோலினாவின் பைன் காட்டு மண்ணைச் சிறிது கொணர்ந்து இட்டார்கள், கன்றுகள் தழைத்தன.

பிரஷ்ய அமைச்சு கேட்ட திரபிளைப் பிராங்க் விளைவித்துக் கொடுக்கவில்லை. 1970களிலே பிரான்சு நாட்டார், நாற்றுமேடையிலேயே ஓக், ஹேசல் கன்றுகளின் வேரில் திரபிள் பூஞ்சணத்தைச் சேர்த்து நட்டார்கள். ஆண்டுகள் சில சென்றபின் அம்மரங்களின் அடியிலே திரபிள் விளைந்தது.