நெட்டியும் நோவும்

குழந்தையின் கன்னம் வழித்து நெட்டி முறித்தால் கண்ணேறு கழியும் என்றனர். ஓயாது முறித்தால் மூட்டு தேயும் என்றும் அச்சுறுத்தினர். இரண்டையும் நம்பியே வளர்ந்தோம் நாம். ஆராய்ச்சி கூறுவதென்ன?

1947-இல் இலண்டனில் எடுத்த ஊடுகதிர்ப் படமும், 2015-இல் கனடாவில் எடுத்த காந்தப் படமும் காட்டியது ஒன்றே: மூட்டை இழுக்கையில் உள்நீரில் வாயுக்குழிவு தோன்றுகிறது. அமெரிக்க மருத்துவர் டொனால்டு அங்கர் 50 ஆண்டுகள் இடக்கை விரல்களை மட்டுமே முறித்தார். இரு கைகளிலும் மூட்டுவாதம் இல்லையென 1998-இல் எழுதினார்.

அஞ்சத்தக்கது எது, பின்? விடை நம் வேலூரிலேயே உண்டு. 1946-இல் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்டு, தொழுநோயாளர் விரல்கள் சிதைவது பாவத்தாலன்று, வலி உணராமல் படும் காயங்களால் என்று காட்டினார். வலியே காவலன்!

ஆம்பூரில் தோல் தைத்துக் களைத்த விரல்களைச் சொடுக்கும் தோழர்களே! ஓசைக்கு அஞ்சற்க. நோவோ வீக்கமோ கண்டால் மந்திரிப்பவரையன்று, மருத்துவரை நாடுவோம்!