சீனியும் இருதய நோயும்: ஒரு விவாதத்தின் வரலாறு

இருதய நோய்க்கு மூலகாரணம் கொழுப்பா, சீனியா என்னும் வாதப்பிரதிவாதம் இரண்டாம் உலகப் போரின் பின் மேனாட்டு மருத்துவ உலகில் வலுப்பெற்றது. அமெரிக்கரான அன்செல் கீஸ் கொழுப்பையே குற்றஞ்சாட்டினார். இலண்டன் குயீன் எலிசபெத் கல்லூரிப் பேராசிரியர் ஜோன் யுட்கின் சீனியைச் சுட்டினார். 1972இல் அதுபற்றிப் பொதுமக்களுக்கென ஒரு நூலும் எழுதினார். அவருடைய சான்றுகளும் குறைபாடற்றவை அல்ல.

ஆயின், ஆய்வோடு ஆய்வு மட்டும் மோதிய களமன்று இது. 1967இல் நியூ இங்கிலாந்து மருத்துவ சஞ்சிகையில் ஹாவாட் பல்கலைக்கழக ஆய்வாளர் மூவர் ஒரு மீளாய்வினை வெளியிட்டனர். சீனிக்கு எதிரான ஆய்வுகளின் குறைகளைத் துருவித் துருவி நோக்கிய அவர்கள், கொழுப்புக்கு எதிரான ஆய்வுகளிடத்து அத்துணைக் கண்டிப்புக் காட்டவில்லை. அம்மீளாய்வுக்கெனச் சீனித் தொழிற்றுறையினரின் ஆராய்ச்சி மன்றம் 6,500 டொலர் வழங்கியிருந்தது. வரைவையும் முன்கூட்டியே பார்வையிட்டிருந்தது. கட்டுரையில் இதுபற்றி ஒரு சொல்லேனும் இல்லை. நிதிமூலத்தை வெளிப்படுத்துமாறு அச்சஞ்சிகை கோரத் தொடங்கியது 1984இலேயே. ஆதலின் விதி எதுவும் மீறப்படவில்லை என்பர் சிலர். உண்மைதான். எனினும், அதனை நடுநிலைத் தீர்ப்பென நம்பிப் படித்த மருத்துவர்களுக்கு அது என்ன ஆறுதல்?

பழைய கடிதங்களைக் கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர் 2016இல் வெளிக்கொணர்ந்தபோது, யுட்கின் மறைந்து 21 ஆண்டுகள் கழிந்திருந்தன.