ஒரு காரீயக் குழாயின் ஆயுள்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத் தலைநகர் மேடிசன், மெண்டோட்டா, மொனோனா என்ற இரண்டு ஏரிகளுக்கு நடுவே அமைந்த ஊர். அங்கே தெருவுக்கடியில் ஓடும் பெரிய குழாயிலிருந்து வீடுகளுக்குப் பிரிந்த இணைப்புக் குழாய்கள் ஒரு காலத்தில் காரீயத்தில் செய்யப்பட்டவை. அன்று அதைக் குறை சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. காரீயம் மெத்தென்றிருக்கும், வளைத்த பக்கம் வளையும். உறைபனியில் மண் புடைத்து இறங்கினாலும் உடையாது. புதைத்தால் ஒரு தலைமுறைக்குக் கவலையில்லை. மாநிலத்துக்கும் அது பழகிய உலோகம்தான்: விஸ்கான்சினின் முத்திரையில் இன்றும் காரீயக் கட்டிகள் அடுக்கப்பட்டிருக்கின்றன.

புதைந்த நாளிலிருந்தே அந்தக் குழாய்க்கு இரண்டு சொந்தக்காரர்கள். தெருவோரத்து வால்வு வரை ஊர்க் குடிநீர்த் துறை, அதற்கப்பால் வீட்டுக்காரர். பின்னால் வந்த வழக்கெல்லாம் இந்தக் கோட்டைச் சுற்றித்தான்.

இரவில் குழாய் திறக்கப்படாதபோது நீர் உள்ளேயே தேங்கும். தேங்கிய நீர் உலோகத்தை மெல்லக் கரைக்கும். விடிந்ததும் முதலில் பிடிக்கும் தண்ணீரில் அந்தக் காரீயம் இருக்கும். நிறம், மணம், சுவை எதுவும் காட்டிக்கொடுக்காது. குழந்தைகளின் வளரும் மூளையை அது பாதிக்கிறது. இந்த அளவு வரை தீங்கில்லை என்று சொல்ல ஓர் அளவே கிடையாது.

1986இல் புதிய காரீயக் குழாய்களுக்கு அமெரிக்கா தடை விதித்தது. ஏற்கெனவே புதைந்தவை மண்ணிலேயே கிடந்தன. 1991இல் காரீயம், தாமிரம் பற்றிய குடிநீர் விதி வந்தது. குறைந்தது ஆறு மணி நேரம் தேங்கிய நீரில் முதல் லிட்டரை வீடுகளில் பிடித்துச் சோதிக்க வேண்டும் என்றது அது. சோதித்த வீடுகளில் பத்து சதவீதத்துக்கு மேல் லிட்டருக்கு 15 மைக்ரோகிராம் காரீயத்தையோ 1.3 மில்லிகிராம் தாமிரத்தையோ தாண்டினால் குடிநீர்த் துறை நடவடிக்கை எடுத்தாக வேண்டியிருந்தது. மேடிசனில் காரீயம் அந்த வரம்பைத் தாண்டியது.

வழக்கமான மருந்து ஒன்று உண்டு. நீரில் பாஸ்பேட் கலந்தால் குழாயின் உட்சுவரில் மெல்லிய படலம் படிந்து உலோகம் கரைவதைக் குறைக்கும். ஆனால் கழிவுநீரோடு வெளியேறும் பாஸ்பரஸ், ஏற்கெனவே பாசியால் அவதிப்படும் நீர்நிலைகளுக்குத் தீனியாகும். அதோடு, படலம் காக்கும்வரைதான் காவல். காரீயம் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆகவே குழாயையே பிடுங்கிவிடுவது என்று மேடிசன் முடிவெடுத்தது.

அப்போதுதான் அந்தப் பழைய கோடு குறுக்கே வந்தது. ஊர் தன் பாதியை மட்டும் மாற்றினால் போதாது. வெட்டும் அதிர்வில் மீதிப் பாதியிலிருந்து காரீயம் உதிர்ந்து, சில காலம் அளவு கூடவும் செய்யும். முழுக் குழாயும் வெளியே வர வேண்டும். வீட்டுக்காரரின் செலவை யார் ஏற்பது? அவர்களுக்கு உதவத் தண்ணீர்க் கட்டணப் பணத்தைத் தொட அனுமதி கிடைக்கவில்லை. நீர்த்தொட்டிக் கோபுரங்களில் செல்போன் ஆன்டெனா வைக்க இடம் கொடுத்து வந்த வாடகையிலிருந்து, செலவில் பாதியை, அதிகபட்சம் 1,000 டாலர் வரை, ஊர் திருப்பித் தந்தது. மாற்றுவதைக் கட்டாயமாக்கிய உள்ளூர்ச் சட்டம் 2001இல் நடைமுறைக்கு வந்தது.

அடுத்த பத்தாண்டுகளில் சுமார் 8,000 காரீயக் குழாய்கள் போய், தாமிரக் குழாய்கள் வந்தன. 2012 வாக்கில் வேலை ஏறக்குறைய முடிந்தது. 2014இல் மிச்சிகனின் பிளின்ட் நகரம் செலவைக் குறைக்க ஆற்று நீருக்கு மாறி, அரிப்பைத் தடுக்கும் மருந்தையும் கலக்காமல் விட்டது. அங்கே குழாய்களிலிருந்து காரீயம் கரைந்து வீடுகளுக்குள் வந்தபோதுதான் மேடிசனின் முடிவு எவ்வளவு பெரியது என்று நாடு உணர்ந்தது.

2024 அக்டோபரில் வந்த புதிய கூட்டாட்சி விதி வரம்பை 10 மைக்ரோகிராமாக இறக்கியது. பெரும்பாலான ஊர்களைப் பத்தாண்டுக்குள் எல்லாக் காரீயக் குழாய்களையும் மாற்றச் சொன்னது. மேடிசன் அதை ஏறக்குறைய கால் நூற்றாண்டு முன்பே தொடங்கிவிட்டது. விதி கேட்ட எண்ணுக்குள் நீரை நிறுத்துவது ஒரு வேலை. குழந்தையின் டம்ளருக்குள் நஞ்சு வரும் வழியை அடைப்பது வேறு வேலை. இரண்டாவதைச் செய்ய, வீட்டு வாசலுக்கு அப்பாலும் தன் பொறுப்பு உண்டு என்று ஊர் ஒப்புக்கொள்ள வேண்டும்.