முத்துமீனாட்சி வாய் திறந்தபோது

கணவன் மனைவியை அடிப்பது வீட்டு விவகாரம் என்று ஊரார் ஒதுங்கி நின்ற காலத்தில், அந்த வீட்டின் கதவைத் திறந்து காட்டியவர் அ. மாதவையா. 1872-இல் நெல்லைச் சீமையின் பெருங்குளத்தில் பிறந்து, சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்று, உப்புத் துறையில் அதிகாரியாய் இருந்தவர். வழக்குரைஞர் அல்லர், துறவியும் அல்லர்.

இருபது வயதில், 1892-இல், 'விவேக சிந்தாமணி' இதழில் 'சாவித்திரி சரித்திரம்' என்ற தொடரைத் தொடங்கினார். சிறுமியாய் மணமுடிக்கப்பெற்று, புக்ககத்தில் வதைபட்டு, இளமையிலேயே கைம்பெண்ணான ஒருத்தியின் கதை அது. தொடர் முற்றுப்பெறாமல் நின்றுபோயிற்று. அவர் விடவில்லை, 1903-இல் அதையே 'முத்துமீனாட்சி' என்னும் நூலாக்கினார்.

இந்நூலின் சிறப்பு, அவளே 'நான்' என்று பேசுவதுதான். நம் ஊர்க் கூட்டங்களை எண்ணிப் பாருங்கள். பெண்ணின் தகப்பனார் பேசுவார், தாய்மாமன் பேசுவார், மாப்பிள்ளை வீட்டார் பேசுவர். அடிபட்டவளோ கதவுக்குப் பின்னால் நிற்பாள். "பொறுத்துப் போ, தாயே" என்று தீர்ப்புச் சொல்லி, காபி குடித்துக் கலைவார்கள்! அவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள். மாதவையா செய்தது அவளுக்காகப் பேசியதன்று. அவள் பேச இடம் விட்டது.

1915-இல் 'கிளாரிந்தா' என்னும் ஆங்கில நாவலையும் அவர் எழுதினார். உடன்கட்டையிலிருந்து மீட்கப்பட்டவர் என்று வழிவழியாகச் சொல்லப்படும் மராத்தியப் பிராமணப் பெண்மணியே அதன் நாயகி. 1778-இல் பாளையங்கோட்டையில் சுவார்ட்ஸ் ஐயரிடம் திருமுழுக்குப் பெற்ற அவர் எழுப்பிய சீர்திருத்தச் சபை ஆலயத்தை மக்கள் 'பாப்பாத்தியம்மாள் கோயில்' என்றே அழைத்தனர்.

"இவை அக்கிரகாரத்துச் செய்திகள், நமக்கென்ன?" என்பாருக்கு நம் வீட்டுச் சட்டத்தை நினைவூட்டலாம். 1869-ஆம் ஆண்டு இந்திய மணமுறிவுச் சட்டப்படி, கிறித்தவக் கணவன் மனைவியின் பிறர்மனைத் தொடர்பை மட்டும் மெய்ப்பித்தால் போதும். மனைவிக்கோ கணவனின் கொடுமை மட்டும் போதாது; பிறர்மனைத் தொடர்பையும் சேர்த்து மெய்ப்பிக்க வேண்டும். எலும்பு முறிந்தாலும், பிரிந்து வாழ ஆணை பெறலாம், அவ்வளவே. இந்த ஓரவஞ்சனை 2001-இல் திருத்தப்படும்வரை 132 ஆண்டுகள் நீடித்தது.

திருமணம் முறிவுபடாதது என்பது நம் விசுவாசம். ஆனால் அடியை ஏற்றுக்கொண்டு ஒரே கூரையின் கீழ் கிடக்க வேண்டும் என்று திருச்சபை எங்கும் கட்டளையிடவில்லை. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1153-ஆம் எண்ணை எத்தனை பேர் அறிவோம்? வாழ்க்கைத் துணைக்கோ பிள்ளைகளுக்கோ உடலாலும் உள்ளத்தாலும் பெரும் ஆபத்து விளைவிப்பவரை விட்டுப் பிரிந்து வாழ அது நியாயமான காரணம் தருகிறது. ஆயரின் ஆணைக்குக் காத்திருப்பதே ஆபத்தானால், பாதிக்கப்பட்டவர் தாமே பிரிந்து போகலாம். மறையுரைகளில் 'பொறுமை' ஒலிக்கும் அளவுக்கு இந்த எண் ஒலிப்பதில்லை.

2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் எல்லா மதத்துப் பெண்களுக்கும் உரியது. வீட்டைவிட்டுத் துரத்தப்படாமல் வாழும் உரிமையையும் அது அவளுக்குத் தருகிறது. அவள் தானே வந்து முறையிட வேண்டும் என்பதில்லை. அலறல் கேட்ட அடுத்த வீட்டுக்காரரோ, அன்பியப் பொறுப்பாளரோ மாவட்டப் பாதுகாப்பு அலுவலருக்குத் தெரிவிக்கலாம். நல்லெண்ணத்தோடு தெரிவித்தவர்மீது எந்த வழக்கும் வராது.