குடலை மிச்சப்படுத்திய தையல்

குரோன் நோய் அறுவை சிகிச்சையால் தீர்வதில்லை. குடலின் உட்புறத்தில் தொடங்கும் அழற்சி சுவர் முழுவதும் பரவி, நாளடைவில் குடலைத் தடிக்கவைத்துக் குறுக்குகிறது. சில இடங்களில் துளைத்துக்கொண்டு பக்கத்துக் குடலுக்கோ தோலுக்கோ புரைவழி திறக்கிறது. அடைப்பு, சீழ், புரை ஆகிய விளைவுகளைச் சரிசெய்யத்தான் கத்தி. இது புரிய மருத்துவ உலகத்துக்கு அரை நூற்றாண்டு பிடித்தது. அதில் இந்தியாவின் பங்கு பாடநூல்களில் பெரும்பாலும் ஒரு வரியில் முடிந்துவிடுகிறது.

1913-இல் கிளாஸ்கோ அறுவை மருத்துவர் கென்னடி டேல்சீல் இந்தக் குடல் அழற்சியை விவரித்தபோதே, பார்வைக்குக் காசநோய்போல் இருக்கிறது, ஆனால் காசநோய்க் கிருமி இல்லை என்று குறித்தார். 1932-இல் நியூயார்க்கில் குரோன், கின்ஸ்பர்க், ஒப்பன்ஹைமர் மூவரும் 14 நோயாளிகளைப் பற்றி எழுதிய கட்டுரை நோய்க்குப் பெயர் தந்தது. கெட்ட பகுதியை நல்ல குடலோடு சேர்த்துத் தாராளமாக வெட்டுவதே அன்றைய வழக்கம். இன்னொரு வழி, நோயுற்ற பகுதியை அப்படியே விட்டு, அதற்கு முன்னால் உள்ள குடலைப் பெருங்குடலோடு இணைக்கும் மாற்றுப்பாதை. 1956 ஜூனில் அமெரிக்க அதிபர் ஐசனோவருக்கு நடந்தது இதுதான். அவர் தேறி, நவம்பரில் தேர்தலிலும் வென்றார். ஆனால் உள்ளே விடப்பட்ட பகுதியில் அழற்சி தொடர்வதும், சிலருக்குப் புற்றுநோய் வருவதும் தெரியவர, அந்த முறை கைவிடப்பட்டது.

வெட்டுவதைக் குறைக்கும் வழி காசநோயிலிருந்து வந்தது. இந்தியாவில் குடல் டி.பி. வந்தவர்கள் பலருக்குச் சிறுகுடலில் ஒன்றல்ல, பல இடங்களில் சுருக்கம் இருக்கும். எலும்பும் தோலுமாக வருகிறவரிடம் அத்தனையையும் வெட்டினால் சாப்பாட்டை உறிஞ்சக் குடல் மிஞ்சாது. சண்டிகர் முதுநிலை மருத்துவக் கழகத்தின் கட்டாரியாவும் உடன் பணியாற்றியவர்களும் ஒரு மாற்றுச் செய்முறையை 1977-இல் பிரிட்டிஷ் அறுவை மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். சுருங்கிய இடத்தின் மேல் குடலை நீளவாக்கில் கீறி, வெட்டின் நடுவை இரு பக்கமும் நூல்போட்டு இழுத்து, அகலவாக்கில் தைத்து மூடுவது. குழாய் கொஞ்சம் குட்டையாகும், அகலமாகும். ஒரு சென்டிமீட்டர் குடல்கூடக் குப்பைக்குப் போகாது. இரைப்பையின் கீழ்வாயில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே செய்யப்பட்ட தையல்தான் அது. நோயுற்ற குடலில் போட்டாலும் ஆறும் என்று காட்டியதே புதுமை.

1982-இல் ஆக்ஸ்ஃபோர்டில் இமானுவேல் லீ அதைக் குரோன் நோயாளிகளுக்குச் செய்து காட்டினார். 1996-இல் கிளீவ்லாந்தில் 131 பேரிடம், நோயின் விளிம்பைத் தாண்டி 2 செ.மீ. வெட்டுவதா 12 செ.மீ. வெட்டுவதா என்று ஒப்பிட்டார்கள். நோய் திரும்புவதில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. தாராளமாக வெட்டிய காலம் அத்தோடு முடிந்தது.

குரோனையும் காசநோயையும் பிரித்தறிவது இன்றும் சிக்கல்தான். சுண்ணாம்பாற்றங்கரை நோணாங்குப்பத்திலிருந்து ஒருவர் மாதக்கணக்கான வயிற்றுவலி, எடைக்குறைவோடு புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்குப் போனாலும், வேலூர் சி.எம்.சி.க்குப் போனாலும், முதல் கேள்வி டி.பி.யா குரோனா என்பதுதான். நோய் எதிர்ப்பை அடக்கும் குரோன் மருந்து டி.பி.யை மூண்டெழச் செய்யக்கூடும். திசுவில் பெரிய, நிறைய சிறுகட்டிகள் இருந்தால் டி.பி. பக்கம் சாயலாம் என்று வேலூர் ஆய்வாளர்கள் 1999-இல் எழுதினார்கள். சந்தேகம் நீடித்தால் இரண்டு மூன்று மாதம் டி.பி. மருந்து கொடுத்துப் பார்ப்பது வழக்கம். அந்தக் காத்திருப்புக்கும் விலை உண்டு: இருப்பது குரோன் என்றால், இடைக்காலத்தில் குடல் மேலும் சுருங்கலாம்.

வெட்டியபின் உடம்பில் நேர்வது, எந்தப் பகுதி போயிற்று என்பதைப் பொறுத்தது. குரோன் அதிகம் தாக்கும் சிறுகுடலின் கடைசிப் பகுதிதான் பி12 வைட்டமினையும் பித்த உப்பையும் உறிஞ்சும் இடம். அறுபது சென்டிமீட்டருக்கு மேல் போனவருக்குப் பி12 ஊசி ஆயுள் முழுக்க. கல்லீரல் சேமிப்பு இருப்பதால் குறை உடனே தெரியாது. சில ஆண்டுகள் கழித்துக் கால் மரத்துப் போகும், நாக்கு எரியும். உறிஞ்சப்படாத பித்த உப்பு பெருங்குடலில் இறங்கிப் பேதியாக்கும். கொழுப்பு செரிக்காமல் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ள, அதோடு சேர்ந்து வெளியேற வேண்டிய ஆக்சலேட் ரத்தத்தில் கூடிச் சிறுநீரகக் கல் வரலாம். கீரை சாப்பிடு என்ற பொதுவான அறிவுரை, ஆக்சலேட் நிறைந்த பாலக்கீரை விஷயத்தில் இவர்களுக்குப் பொருந்தாது.

சிலருக்குக் குடல்முனையை வயிற்றில் வெளியே கொண்டுவந்து பை பொருத்த நேரும். முன்பு அந்த முனை தோல்மட்டத்திலேயே இருந்ததால் செரிமானநீர் தோலை அரித்தது. 1952-இல் பிரையன் புரூக், சட்டைக் கையின் நுனியை மடித்துவிடுவதுபோல் குடலை வெளிப்புறம் மடித்துத் தைத்தார்; இன்றும் அதே முறைதான். பையில் தினம் அரை லிட்டருக்கு மேல் நீர் போகும், உப்பும் கூடவே போகும். சித்திரை வெயிலில் வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டிருந்தால் சோர்வு அதிகமாகும். உப்புப் போட்ட கஞ்சி, மோர், ஓ.ஆர்.எஸ். உதவும்.

ஆசனவாய்ப் புரைக்கு, அதாவது பௌத்திரத்துக்கு, நூல் கட்டுவது சுசுருதர் காலத்து வழி. கள்ளிப்பாலும் நாயுருவிக் காரமும் மஞ்சளும் பூசிய க்ஷாரசூத்திரம் தசையை மெல்ல அறுத்து ஆற்றும். குரோனால் வந்த புரைக்கு அறுக்கும் நூல் கூடாது. மலம் அடக்கும் தசை போய்விடும். சீழ் வடிய மட்டும் நூலைத் தளர்வாக விடுவார்கள்.

வெட்டி இணைத்த இடத்துக்கு மேலேயே நோய் திரும்ப முளைக்கும். 1990-இல் வெளிவந்த பெல்ஜியம் ஆய்வில் ஓராண்டுக்குள் 73 சதவீதம் பேருக்குக் கொலோனோஸ்கோப்பியில் புண் தெரிந்தது. தொந்தரவு உணர்ந்தவர்கள் 20 சதவீதம்தான். அதனால்தான் வலி இல்லாவிட்டாலும் ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் கருவி விட்டுப் பார்க்கிறார்கள். புகைப்பவருக்கு நோய் திரும்பும் வாய்ப்பு கூடுதல். அறுவைக்குப் பின் வீடு திரும்புகிறவர்கள், எத்தனை சென்டிமீட்டர் வெட்டினார்கள் என்பதோடு எத்தனை மிச்சம் இருக்கிறது என்பதையும் டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். அடுத்த மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.